சக்கரமும் நம்பிக்கையும்

நெய்த சேலைகளையும் விளைந்த காய்கறிகளையும் சொந்தக் காரிலோ சிறு வேனிலோ சந்தைக்குக் கொண்டு செல்லும் அங்கத்தினர் நம்மிடையே உண்டு. டயர் மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் அவர்கள் பட்டறையையே நம்பியாக வேண்டும். அந்நம்பிக்கை எத்தகையதாய் இருத்தல் வேண்டும்?

சங்கக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். காரியதரிசியின் மீது ஐயங்கொண்டு அன்று. அவர்மீதுள்ள நம்பிக்கை நிலைபெறும் பொருட்டே. பட்டறை வேலைக்கும் இதுவே முறை.

முதலாவது, சக்கர நட்டுகள். காற்றுவிசைக் கருவியால் அளவுமீறி முறுக்கினால் மரை கெடும். போல்ட் நீண்டு வலுவிழக்கும். தளர விட்டாலோ ஓட்டத்தில் சக்கரமே கழன்றுவிடக்கூடும். ஆகவே, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கி, இறுதியில் ‘டார்க் ரெஞ்ச்’ என்னும் முறுக்களவு காட்டும் ஸ்பானரால் சரிபார்க்கச் சொல்லுங்கள். உரிய அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது. 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறையும் சரிபார்ப்பது நலம்.

இரண்டாவது, டயரின் வயது. புது டயரைச் சக்கரத்தில் ஏற்றுமுன் அதன் பக்கச் சுவரில் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் முதுமையடையும்.

மூன்றாவது, பஞ்சர். தரையில் படும் பகுதியில் விழுந்த சிறு துளையை அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டலாகாது. டியூப் இல்லாத டயராயின், கழற்றி உட்புறத்தைச் சோதித்து ஒட்டுவதே சிறந்த முறை. காற்றிறங்கிய நிலையில் ஓடியதால் உள்ளே நேர்ந்த சேதம் வெளியிலிருந்து புலப்படாது.

நான்காவது, தேவையற்ற செலவு. டயரின் வரிப்பள்ளங்களில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் உண்டு. மேற்பரப்பு அவற்றோடு சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே தீரவேண்டும். அதற்கு முன்பே மாற்றச் சொன்னால் காரணத்தைக் காட்டும்படி கேளுங்கள். வெடிப்பும் புடைப்பும் தக்க காரணங்களே. அவற்றைக் கண்ணாற் காணவும் இயலும்.

இவ்வாறு கேட்பது தொழிலாளியை அவமதிப்பதாகாது. தறியில் நெய்த துணியை விரித்துக் காட்ட நல்ல நெசவாளர் தயங்குவதில்லை; நல்ல மெக்கானிக்கும் அவ்வாறே தம் வேலையை மகிழ்ந்து காட்டுவார். அத்தகையவரைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். உரிய கூலியை முகங்கோணாது கொடுங்கள். கேட்டவுடன் சினப்பவரிடம் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.