ரயில் எவ்வளவு வேகம்?

குட்டீஸ்! கடலூர் - சிதம்பரம் ரயில் பாதையில், ஆலப்பாக்கம் அருகே உள்ள ஊர் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலை, அங்குள்ள ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதியது. உங்களைப் போன்ற மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர்.

ரயில் எவ்வளவு வேகமாக வரும்? பிரதியிடல் முறையில் கண்டுபிடிப்போமா?

ஒரு ரயில், கம்பம் ஒன்றை 10 நொடியில் கடக்கிறது. 200 மீட்டர் பிளாட்பாரத்தை முழுதாகக் கடக்க 20 நொடி ஆகிறது. ரயிலின் நீளம் 'நீ', வேகம் 'வே' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீ = 10 வே
நீ + 200 = 20 வே

இரண்டாவதில் 'நீ' இருக்கும் இடத்தில் '10 வே' என்று போடுங்கள்.

10 வே + 200 = 20 வே
200 = 10 வே
வே = 20, நீ = 200

சரிபார்ப்போம்: 200 + 200 = 20 × 20. சரிதானே!

நொடிக்கு 20 மீட்டர் என்றால், மணிக்கு 72 கிலோமீட்டர். 100 மீட்டர் தள்ளி வரும் ரயில், ஐந்தே நொடியில் உங்களிடம் வந்துவிடும். பிரேக் போட்டாலும் உடனே நிற்காது.

இரண்டு சமன்பாடுகளையும் இணைத்ததால்தான் நமக்கு விடை கிடைத்தது. அதேபோல கேட்டையும் சிக்னலையும் இணைப்பதே 'இன்டர்லாக்கிங்'. கேட் மூடினால்தான் சிக்னல் பச்சையாகும். செம்மங்குப்பம் கேட்டில் அன்று அது இல்லை.

எனவே, கேட் திறந்திருந்தாலும் நில்லுங்கள். இருபுறமும் பாருங்கள். சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகே கடந்து செல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: கம்பத்தைக் கடக்க 9 நொடி, 250 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க 19 நொடி. அந்த ரயிலின் நீளம், வேகம் என்ன?

(விடை: 225 மீட்டர், நொடிக்கு 25 மீட்டர்)