கம்பு சுழற்றிய கை பாய் விரிக்கிறது

“கம்பு சுத்தின ஆளு, கடைசியில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்டாரே!”

செஞ்சி வட்டாரக் காலனி ஒன்றில் சிலம்ப வாத்தியார் ஒருவரைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக உலவும் பேச்சு இது. கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. கவலையோடு சொல்பவர்களும் உண்டு. கவலைப்படுபவர்களின் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் பிள்ளைகள் கம்பு கற்பது வெறும் பொழுதுபோக்குக்காக இல்லை. அடிக்க வருபவன் எதிரில் கூனாமல் நிற்கவும்தான். அந்தக் கம்பைக் கற்றுக்கொடுத்தவரே யோகாவின் பக்கம் போனால், அது யாருடைய யோகா, யாருக்கான யோகா என்று கேட்கத்தானே வேண்டும்? அந்தக் கேள்வியோடுதான் நாம் அவரைப் பார்க்கப் போனோம்.

அவருக்கு வயது 48. ஏரில் தண்ணீர் இருந்தால் கழனி வேலை, இல்லாவிட்டால் கட்டட வேலை. பன்னிரண்டு வயதில் பெரியப்பாவிடம் கம்பு பிடித்தவர். மூங்கிலை வெட்டி, அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி, நட்டு நிறுத்தினால் நெற்றிப் பொட்டுக்கு வருகிற அளவில் கம்பு செய்யத் தெரிந்தவர். வீச்சு, சுவடு, குத்துவரிசை, மான்கொம்பு, சுருள்வாள் என்று எல்லாம் பழகியவர். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வெற்றிலை பாக்கும் பதினொரு ரூபாயும்தான் தட்சணை. “பேரு வேணாம் தோழர். பேரைப் போட்டீங்கன்னா ஊர்ல ஒன்பது கதை கட்டுவாங்க” என்று கேட்டுக்கொண்டதால் இங்கே பெயரைத் தவிர்க்கிறோம்.

தோள் சொன்ன சேதி

எல்லாம் ஒரு தோள் வலியில் தொடங்கியது. வலது கை தலைக்கு மேலே எழவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியே ஒரு வருடத்தை ஓட்டினார். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனார். எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, அங்கேயே இருந்த யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். வாத்தியாருக்குத் தயக்கம். “அது ஐயருங்க செய்யறது, இல்லைன்னா டிவியில காவி கட்டினவங்க செய்யறது. நமக்கு எதுக்குன்னு ரெண்டு தடவை பாதி வழியிலேயே திரும்பிட்டேன்” என்றார்.

மூன்றாம் முறை உள்ளே போனார். பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். சும்மா நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முன்னும் பின்னும் பார்த்தார். “முப்பது வருசமா ஒரே தோளுக்கு வேலை கொடுத்திருக்கீங்க அண்ணா. வலது பக்கம் இறங்கியே போச்சு” என்றாராம். கம்பு வீசுவதுபோலக் கையை அசைக்கச் சொன்னார். ஒவ்வொரு வீச்சுக்கும் வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் காட்டினார். அதுவரை யாரும் அவரிடம் சொல்லாத செய்தி அது.

முதல் பாடம் தாடாசனம். இரண்டு பாதத்திலும் எடையைச் சமமாக வைத்து நேராக நிற்பது. “நிக்கறதுக்கு ஒரு பாடமான்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன். அஞ்சு நிமிசத்துல தொடை நடுங்குது. எத்தனை பேரை மண்ணைக் கவ்வ வெச்ச காலு அது!” அடுத்த வாரம் கைகளை மூச்சோடு சேர்த்து உயர்த்தினார். அதற்கடுத்த வாரம் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம். மூன்றாம் வாரத்தில் இடையில் விழிக்காமல் இரவு முழுவதும் தூங்கினார். தோள் முழுதும் சரியாகிவிடவில்லை. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. ஆனால் கை காது வரை எழுகிறது. மருத்துவர் சொன்ன ஆறு வாரம் முடிந்த பிறகும் அவர் பாயை விடவில்லை.

ஏன் என்று கேட்டோம். “கம்பு எடுத்தா எதிராளியைப் பார்க்கணும். கண்ணு, தோளு, பாதம், எல்லாம் அவன் மேலயே இருக்கும். இங்க பார்க்கறதுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். இத்தனை வருசம் இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை தோழர்.”

தண்டாலும் சூரிய நமஸ்காரமும்

சூரிய நமஸ்காரம் கற்றுக்கொண்ட நாளில்தான் வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “இது நம்ம தண்டால் ஆச்சே!” அவருடைய கண் பொய் சொல்லவில்லை. இடுப்பை உயர்த்தி, உடலைத் தாழ்த்தி முன்னே கொண்டுபோய், நெஞ்சை நிமிர்த்துகிற அந்த அசைவு மல்யுத்தக் களங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் தண்டாலின் அசைவு.

வரலாறும் அதையே காட்டுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் சுமார் 195 சூத்திரங்கள் உள்ளன. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே. 15-ம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை விளக்கும் ஆசனங்கள் 15. அதற்குப் பிந்திய கேரண்ட சம்ஹிதையில் 32. இன்று பள்ளிகளில் செய்யும் வடிவத்தில் சூரிய நமஸ்காரம் இந்த நூல்களில் கிடையாது. அதை உடற்பயிற்சியாக 1920-களில் பரப்பியவர் மராட்டியப் பகுதியின் அவுந்த் சமஸ்தான அரசர். 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த யோகாவிலும் அன்றைய உடற்பயிற்சிக் கூடங்களின் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

களத்தில் இருந்து யோகாவுக்கு வந்தவர்களில் நம் வாத்தியார் முதல் ஆளும் இல்லை. யோகாவை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த குவலயானந்தர் (1883–1966) இளமையில் பரோடாவில் மாணிக்ராவின் உடற்பயிற்சிக் கூடத்தில் பயின்றவர். அந்தக் கூடம் ஜும்மாதாதா என்ற இஸ்லாமிய உஸ்தாதின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்து வந்தவர்தான் பின்னர் மாதவதாசரிடம் யோகம் கற்று, 1924-ல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கினார். ஆக, இன்று ‘தூய பழம்பெரும் மரபு’ என்று மேடையில் பேசப்படும் யோகாவுக்குள் மல்லர்களின் வியர்வையும் இருக்கிறது, இஸ்லாமிய உஸ்தாதின் பெயரும் இருக்கிறது. உடலால் உழைத்தவர்கள் உருவாக்கிய அசைவுகளை உடலால் உழைப்பவர்கள் செய்யக்கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

தமிழிலும் இது புதுச்சரக்கில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்தைப் பற்றியது. சாதியைச் சாடிய சித்தர்கள் மூச்சைப் பற்றியும் பாடினார்கள். சித்த மருத்துவராக வாழ்ந்து, 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நம் முன்னோடி. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கும் ஆனாபானசதி, புத்தர் கற்பித்த பயிற்சி. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் நம்மை அழைத்துச் சென்றதும் அந்தப் புத்தரிடம்தான்.

உழைக்கிற உடம்புக்கு எதற்கு?

“நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றோம். எங்களுக்கு என்னத்துக்கு யோகா?” காலனியில் பெண்கள் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. வாத்தியார் அதற்கு நாற்று நடவையே உதாரணமாகக் காட்டினார். நடவில் முதுகு எட்டு மணி நேரமும் முன்பக்கமே வளைகிறது. சித்தாள் வேலையில் கழுத்து சுமையைத் தாங்கி அமுங்குகிறது. உழைப்பு ஒரே தசையைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறது. முன்னால் வளைந்த முதுகைப் பின்னால் வளைக்கவும், அமுங்கிய கழுத்தை நீட்டவும் யாரும் கூலி தருவதில்லை. அதை நாமேதான் நமக்குச் செய்துகொள்ள வேண்டும்.

இப்போது மாலையில் ஏழெட்டுப் பெண்கள் வருகிறார்கள். விலை உயர்ந்த ரப்பர் விரிப்பு எவரிடமும் இல்லை. கோரைப்பாய்தான். சிமென்ட் தரையில் அது வழுக்கும் என்பதால் அடியில் ஈரத்துணி போட்டுக்கொள்கிறார்கள். தாடாசனம், புஜங்காசனம், குப்புறப் படுத்துக் கால்களை உயர்த்தும் சலபாசனம், கடைசியில் சவாசனம். இருபது நிமிடம், அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றியும் பேச்சு வந்தது. பழைய யோக நூல்கள் சில இறைச்சியை விலக்கச் சொல்வது உண்மை. ஆனால் மருத்துவர் வாத்தியாரிடம் சொன்னது ஒன்றுதான்: சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. மாட்டுக்கறி தின்றவன் பாயில் உட்காரக் கூடாது என்று எவராவது சொன்னால், அது சாதியின் குரல் என்று அறிந்துகொள்வோம்.

மாணவர்களுக்கு ஒரு சொல்: கைப்பேசியில் பார்த்துத் தலைகீழாக நிற்க முயலாதீர்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத்தட்டுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

கோபத்தை அணைப்பதா?

இனி, நாம் கொண்டுபோன கேள்விக்கு வருவோம். நம்மை அமைதிப்படுத்தி உட்கார வைக்கத்தான் யோகாவா? அநீதியைக் கண்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறாரா வாத்தியார்?

அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். திருவிழா ஒன்றில் ஊர்த்தெருவில் கம்பு சுற்றிய காலனிப் பையன் ஒருவனை, சாதிப் பெயரைச் சொல்லி நாலு பேர் எதிரில் இழிவாகப் பேசி விரட்டினார்கள். அன்றிரவே பதினைந்து பையன்கள் கம்போடு வாத்தியார் வாசலில் நின்றார்கள். “போகாதீங்கன்னு நான் சொல்லலை. பத்து நிமிசம் உக்காருங்க, மூச்சு விடுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்கன்னேன். நாலு எண்ணி உள்ள இழுக்கணும், ஆறு எண்ணி வெளிய விடணும். அவ்வளவுதான்.”

இதில் மந்திரம் ஏதுமில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே விடும்போது குறைகிறது. வெளிமூச்சை நீட்டினால் படபடப்பு அடங்குகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பையன்களுக்கு ஒன்று விளங்கியது. கம்போடு போயிருந்தால் அன்றிரவே வழக்கு அவர்கள் மேல் பதிவாகியிருக்கும். படிப்பும் வேலையும் கோர்ட் வாசலில் கரைந்திருக்கும். மறுநாள் காலை அதே பையன் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தான். கை நடுங்காமல் எழுதினான். சமாதானம் பேச வந்தவர்களிடம் குரலை உயர்த்தாமல் ‘முடியாது’ என்றான்.

இங்கே படிக்கிற இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றம். வாய்மொழியாகப் புகார் சொன்னால் அதிகாரி அதை எழுதி, நமக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். அதன் நகலை உடனே தர வேண்டும். அதைக் கேட்டு வாங்க நிதானம் தேவை. எதிரில் இருப்பவர் மிரட்டும்போதும் பதறாமல் நிற்க வேண்டும். வாத்தியார் கற்றுக்கொடுப்பது அந்த நிலையைத்தான். கோபம் அப்படியே இருக்கிறது. அதை எப்போது, எங்கே வைப்பது என்பதுதான் இப்போது பையன்கள் கையில் இருக்கிறது.

கம்பையும் அவர் கீழே வைக்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கம்பு, மாலை ஆறு மணிக்குப் பாய். பையன்கள் இப்போது இரண்டு கையாலும் வீசுகிறார்கள், அடிக்கும்போது மூச்சை வெளியே விடுகிறார்கள். அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டிருப்பதால், தொடுமுறைப் போட்டிக்கு மூன்று பேர் தயாராகிறார்கள்.

இடம் வேண்டும்

ஒரு குறை மட்டும் மீதி நிற்கிறது. ஊரில் நடக்கும் யோகா வகுப்பு கோயில் மண்டபத்தில் நடக்கிறது. காலனியில் இருந்து யாரும் அங்கே போனதில்லை. ‘வாங்க’ என்று எவரும் அழைத்ததும் இல்லை. காலனியின் சமுதாயக் கூடமோ பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதனால் மழை வந்தால் வகுப்பு இல்லை. ஐ.நா. அவை 2014 டிசம்பரில் அறிவித்த உலக யோகா நாள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று வருகிறது. மைதானத்தில் விரிப்புகள் விரித்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். ஜூன் 22 அன்று அந்த விரிப்புகள் எங்கே போகின்றன?

தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. மாணவர் விடுதிகளும் அதே அளவுக்கு இருக்கின்றன. அங்கே உடற்கல்வி ஆசிரியர் வேண்டும், ஓடியாட மைதானம் வேண்டும். நம் ஊர்களில் இருக்கும் சிலம்ப வாத்தியார்களை மதிப்பூதியம் கொடுத்து அங்கே அழைக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் யோகா மருத்துவர் மாதம் ஒருமுறையாவது விடுதிக்கு வர வேண்டும். இவை பெரிய செலவில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் சமுதாயக் கூடத்தின் சாவியைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர அந்தக் காலனிப் பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மனுவைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். நாம் படித்துப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை.