காசநோயும் சென்னை ஆராய்ச்சியும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் சென்னீர்குப்பம். அதன் தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. வடகிழக்கே அம்பத்தூர் உள்ளது. ஏரியின் நீர் சென்னை மாநகர மக்களின் நீர்வேட்கையைத் தணிக்கிறது. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இயங்குகிறது. நீரும் பாலும் உயிரை வளர்ப்பன. எனினும், கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகள் அவற்றிற் கலந்துவிடின், வளர்ப்பனவே அழிப்பனவாகிவிடும். ஆதலின், அவை மக்கள் கையை அடையும் முன்னரே கிருமிகளை அடக்கிவிடுகின்றனர்.

பாலிலுள்ள கிருமிகளை அடக்குவது வெப்பம். செல்சியஸ் அளவில் 72 பாகை வெப்பத்தில் பாலை 15 விநாடி நிறுத்தி, உடனே குளிரச் செய்வர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. இம்முறையால் எல்லா நுண்ணுயிர்களும் மடிந்துவிடுவதில்லை. நோய் தருவனவே மடிகின்றன. எஞ்சியவை பின்னர்ப் பெருகுவதனாலேயே பாக்கெட் பாலும் நாள் கடந்தால் கெடுகிறது. முற்காலத்தில் 63 பாகையில் 30 நிமிடம் என்று வகுத்திருந்தனர். பசுவின் பால் வழியே பரவும் காசநோய்க் கிருமி எவ்வளவு வெப்பத்தில் மடியும் என்று ஆய்ந்தே அவ்வளவை வகுத்தனர்.

நீரை முழுதும் காய்ச்சி ஒரு மாநகருக்கு வழங்குதல் இயலாது. ஆகவே, வடிகட்டிய நீரிற் குளோரின் கலந்து, அரைமணி நேரமேனும் நிறுத்தி வைப்பர். குழாயின் கடைமுனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது விதி. வழியில் குழாய் வெடிப்புகளின் ஊடே புகும் கிருமிகளுக்கு அந்த எச்சமே காவல்.

ஆயின், கிருமி உடலினுள்ளே குடிபுகுந்துவிட்டால் செய்வது யாது? உடலைக் காய்ச்சவும் முடியாது. குளோரினைப் பருகவும் முடியாது. 1865-ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தாற் புண்ணிலுள்ள கிருமிகளைக் கொன்றார். அவ்வமிலம் கிருமியை மட்டுமன்றித் தசையையும் எரித்தது. உடலினுட் செல்லும் மருந்தோ பகைவனையும் உறவினனையும் பிரித்தறிய வேண்டும். இவ்வாறு பிரித்தறியும் மருந்தைத் தேடியதே மருத்துவ வரலாற்றின் அரிய முயற்சிகளுள் ஒன்று. அதில் சென்னைக்கும் ஒரு பெரும்பங்கு உண்டு.

காசநோயை எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் வழங்கினர். நோயின் செயலைக் காட்டும் இப்பெயர், இருமலை மட்டும் சுட்டும் காசம் என்னும் சொல்லினும் பொருத்தமுடையது எனலாம். இந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்து, 1882 மார்ச் 24-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். மெழுகு போன்ற ஒரு போர்வை அக்கிருமியைச் சூழ்ந்திருக்கிறது. அதனால் அது வறட்சியையும் பல கிருமிநாசினிகளையும் தாங்கும். இருண்ட அறையில் நெடுங்காலம் உயிர் வாழும். நேர் வெயிலில் விரைவில் மடியும்.

மருந்து அறியப்படாத காலத்தில் வெயிலும் தூய காற்றும் நல்லுணவும் ஓய்வுமே மருத்துவமாயிருந்தன. அவற்றிற்கென ஊர்ப்புறங்களிற் சானடோரியங்கள் எழுந்தன. மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவியது அத்தகையது. அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோனியசிட் வழக்கிற்கு வந்தது. ஐசோனியசிட், கிருமி தன் மெழுகுப் போர்வையை நெய்துகொள்ளாதவாறு தடுக்கிறது. மனித உடலின் அணுக்களுக்கு அத்தகைய போர்வை இல்லை; எனவே கிருமி மடிய, மனிதன் பிழைக்கிறான். மேலும், அது விலை மலிந்த மாத்திரை.

இங்கே ஒரு வினா எழுந்தது. இந்தியாவிற் காசநோயாளர் பல இலட்சம் பேர் இருந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளோ அவர்களுள் மிகச் சிலருக்கே போதுமானவை. குடிசையில் வாழ்ந்து, அரைவயிற்றுக்கு உண்ணும் ஏழை ஒருவன் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு நலம்பெற முடியுமா? அவனால் அவன் மக்களுக்கு நோய் தொற்றாதா? இவ்வினாவிற்கு விடை காண 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதற்குத் துணைநின்றன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை வழிநடத்தினார்.

சென்னையின் நெருக்கமான பகுதிகளில் வாழ்ந்த வறியவர் 193 பேர் இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். யார் வீட்டிலிருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவர் விருப்பத்திற்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் முடிவு செய்தனர். மருத்துவர் தாமே தேர்ந்தால், உடல் தேறியவரை ஒருபாலும் நலிந்தவரை மற்றொருபாலும் அறியாமலே சேர்த்துவிடக்கூடும் அன்றோ? இருசாராரும் ஓராண்டு ஐசோனியசிட்டும் பாஸ் என்னும் மற்றொரு மருந்தும் உண்டனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. மருந்துக்கு அடங்கும் கிருமியை உடையவர்களுள், ஓராண்டிறுதியில் நோய் தணிந்தவர் வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தில் 92 பேர். சானடோரியத்தார் நல்லுணவு உண்டு, நாள் முழுதும் ஓய்ந்திருந்தனர். உடல் எடையும் மிகுதியாகப் பெற்றனர். வீட்டிலிருந்தவரோ அவை இல்லாமலே ஏறக்குறைய அவர்களை எட்டிப் பிடித்தனர். குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். வீட்டிலேயே நோயாளரை வைத்திருந்த குடும்பங்களில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. மருந்து தொடங்கியபின் நோயைப் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது; தொற்றியது பெரும்பாலும் அதற்கு முன்னரே தொற்றியிருந்தது. உலகெங்கும் சானடோரியங்களின் கதவு மெல்ல மூடியது இதன் பின்னரே.

இதனால் உணவு வேண்டா என்பது பெறப்படாது. நோயாளரின் குடும்பத்தார்க்குச் சத்துணவு வழங்கினால், அவர்களிடம் புதிதாக நோய் தோன்றுவது ஐந்தில் இரு பங்களவு குறைகிறது என்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி 2023-இல் காட்டியது.

ஒரு மருந்து போதாதா, இரண்டு எதற்கு என்று மாணவர் வினவலாம். நோய் குடைந்த நுரையீரற் பொந்து ஒன்றிற் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். ஏறக்குறையப் பத்து இலட்சத்தில் ஒன்று ஐசோனியசிட்டுக்கு இயல்பாகவே அடங்காதது. அவ்வாறாயின் நூறு கிருமிகள் பிழைக்கும். பிறவெல்லாம் மடிந்தபின் அந்நூறும் தடையின்றிப் பெருகும். அதே அளவில் வேறொரு மருந்துக்கும் சில அடங்கா என்று கொண்டால், இரண்டிற்கும் ஒருங்கே அடங்காதது ஓர் இலட்சம் கோடியில் ஒன்றே. பொந்திலோ அத்தனை கிருமிகள் இல்லை.

இக்கணக்கு மருந்தைத் தவறாது உண்டால்தான் பொருந்தும். இரண்டு திங்களில் இருமல் நின்று, பசி எடுத்தவுடன் மாத்திரையை மறப்பார் பலர். சென்னை ஆராய்ச்சியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். பின்னர், வாரத்திற்கு இருமுறை மட்டும் பணியாளர் கண்முன்னே மருந்து கொடுத்துப் பார்த்து, அதுவும் பயன் தருவதை 1964-இல் வெளியிட்டனர். கண்காணிப்பில் மருந்தளிக்கும் முறை உலகிற் பரவுவதற்கு இது வழிகோலியது. அந்நிலையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இக்காலத்தில் மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு ஆறு திங்கள் மருத்துவம் செய்கின்றனர். முதல் இரண்டு திங்களில் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கும், பின்னர்ப் பைரசினமைடு நீங்கிய மூன்றும் தரப்படுகின்றன. அரசு மருத்துவமனைகளில் இவற்றிற்கு விலை இல்லை. ஐசோனியசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டிற்கும் அடங்காத கிருமியும் இன்று உண்டு. அதற்கு வேறு மருந்துகள் வேண்டும், அவை விலை மிக்கவை, உடலை வருத்துவன. அக்கிருமி ஒருவர் இருமும்போது, அம்மருந்துகளை ஒருநாளும் உண்டறியாத மற்றொருவரையும் சென்று பற்றுகிறது.