எல்லை தாண்டிய பந்து

சென்ற மாதம் புதுக்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கிரிக்கெட் பந்தயம் நடந்தது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான யுத்தந்தான். புளியமர வரிசைக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் போட்ட ஒரு கோடு, அதுவே எல்லை.

கடைசிப் பந்து. பத்தாம் வகுப்புக்கு வேண்டியது நான்கு ரன்கள். அடித்த பந்து கோட்டை நோக்கி உருண்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பாய்ந்து சென்று அதைத் தடுத்துத் திருப்பி எறிந்தான். அவன் கோஷ்டியார் குதூகலித்தார்கள். நடுவராக நின்ற என் கண்ணுக்குப் பந்து தடுக்கப்பட்டது மட்டுமே தெரிந்தது. அப்போது அந்தப் பையன் மெதுவாக என்னிடம் நடந்து வந்து, "பந்தைப் பிடித்தபோது என் கால் கோட்டின்மேல் இருந்தது, ஸார்" என்றான்.

விதிப்படி நான்கு ரன்கள் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு தோற்றது. "உன்னை யார் கேட்டார்கள்?" என்று தோழர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் வகுப்பில் வழக்கு என்னிடமே வந்தது. "அவன் செய்தது சரிதானா, ஸார்?" என்று கேட்டார்கள். நான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நாள்தோறும் எழும் வேறோர் ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். அதன் பெயர் கோல்ப்.

புதுக்கோட்டைப் பையன்களுக்குக் கோல்ப் ஆட்டம் தெரியாது. எனக்கும் வெகு காலம் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் கொடைக்கானல் சென்றிருந்தேன். அங்கே 1895-ல் ஏற்பட்ட கோல்ப் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பச்சைப் புல்வெளியின் ஓரமாக நடந்தபோது, வெள்ளை வர்ணம் பூசிய குச்சிகள் வரிசையாக நடப்பட்டிருப்பதைக் கண்டேன். ஆட்டக்காரர்களின் கோல்பையைச் சுமந்து செல்லும் பெரியவர் ஒருவர், "ஐயா, குச்சிக்கு அந்தப் பக்கம் போன பந்து செத்த பந்து" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னை அந்த ஆட்டத்தின் சட்டங்களைத் தேடிப் படிக்கச் செய்தது.

ஒரு சிறு பந்தைக் கோலால் அடித்து அடித்து, தூரத்திலுள்ள குழிக்குள் சேர்ப்பதே கோல்ப். மொத்தம் 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. ஆகவே ஒவ்வோர் அடியும் கணக்கு. வீணான ஒவ்வோர் அடியும் கடன். ஸ்காத்லாந்தில் லீத் என்னும் ஊரில் 1744-ல் இதற்கு 13 விதிகள் எழுதிவைத்தார்கள். வெள்ளைக்காரர்களோடு இந்த ஆட்டம் நம் நாட்டுக்கும் வந்தது. 1829-லேயே கல்கத்தாவில் கோல்ப் சங்கம் ஏற்பட்டுவிட்டது.

அந்த நாளில் எல்லைக்கு வெளியே நின்றவை பந்துகள் மட்டுமல்ல. 1832-ல் தோன்றிய சென்னைக் கிளப்பில் நம்மவர்களுக்கு வெகு காலம் அனுமதி கிடையாது. 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப் தோன்றிய பிறகே சென்னையில் இந்தியர்களுக்கு அத்தகைய ஓர் இடம் கிடைத்தது. கோல்ப் மைதானத்தில் பெரும்பாலும் நம் மக்களுக்குக் கிடைத்த வேலை, பை சுமப்பதும் பந்து பொறுக்குவதுமே. அப்படிப் பை சுமந்து ஆட்டத்தைக் கண்ணால் கற்ற அலி ஷேர் என்பவர், 1991-ல் டில்லியில் நடந்த இந்திய ஓபன் பந்தயத்தில் வெற்றி பெற்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவரே. கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், ஆட்டத்தின் விதிகளை உள்ளே நின்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் போலும்!

இனி விதிக்கு வருவோம். கிரிக்கெட்டில் எல்லை தாண்டும் பந்துக்கு நான்கோ ஆறோ சன்மானம் உண்டு. கோல்பிலோ அதற்குத் தண்டனை. அடித்த பந்து எல்லைக்கு வெளியே போய் நின்றுவிட்டால், ஆட்டக்காரர் ஓர் அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, முன்பு அடித்த அதே இடத்திற்குத் திரும்பி, மறுபடியும் அடிக்கவேண்டும். முதல் அடி எல்லை தாண்டினால் அது ஒன்று, அபராதம் ஒன்று, ஆகத் திரும்ப அடிப்பது மூன்றாவது அடி. அடியும் நஷ்டம், அது கடந்த தூரமும் நஷ்டம்.

இது எங்கள் ஊரின் பழைய அம்மன் காசைப் போன்றது. சமஸ்தான காலத்தில் அந்தச் சிறு செப்புக்காசு புதுக்கோட்டைக்குள் தாராளமாகச் செலாவணியாகும். எல்லை தாண்டிப் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் சென்றால் அதற்கு மதிப்பில்லை. 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தபின் அந்த எல்லையும் போயிற்று. கோல்பின் எல்லையோ இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் விதி கண்மூடித்தனமானதன்று. பந்து முழுவதும் எல்லைக்கு அப்பால் இருந்தால்தான் அது வெளியே. ஒரு நூலளவு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது உள்ளே. வெளியே பறந்து மரத்தில் மோதி உள்ளே வந்து விழுந்த பந்துக்கு யாதொரு குற்றமும் இல்லை. எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. உள்ளே கிடக்கும் பந்தை அடிக்க ஆட்டக்காரர் எல்லைக்கு வெளியே கால் வைத்து நிற்கலாம். ஆனால் கோல் வீச இடைஞ்சலாக இருக்கிறதென்று எல்லைக் குச்சியைப் பிடுங்கலாகாது. பக்கத்து வயல்காரர் இரவோடிரவாக எல்லைக்கல்லை நகர்த்திய வழக்குகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த ஷரத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பந்து வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால், ஆட்டக்காரர் முன்னதாகவே மற்றவர்களிடம் அறிவித்துவிட்டுத் தற்காலிகமாக இன்னொரு பந்தை அடித்துவைக்கலாம். முதல் பந்து உள்ளே கிடைத்தால் இரண்டாவதை எடுத்துவிடவேண்டும். வாயால் அறிவிக்காமல் அடித்தாலோ, முதல் பந்து போனது போனதுதான். இரண்டாவது பந்தே கணக்கு. பந்தைத் தேட முன்பு 5 நிமிஷம் கொடுத்திருந்தார்கள். 2019 முதல் 3 நிமிஷந்தான். அதே ஆண்டு முதல், விரும்பும் சங்கங்கள் ஒரு சலுகையும் அளிக்கலாம்: திரும்பி நடப்பதற்குப் பதிலாக, பந்து எல்லை கடந்த இடத்தின் பக்கமாக வேறொரு பந்தைப் போட்டு, 2 அடி அபராதத்துடன் ஆடலாம். பெரிய பந்தயங்களில் இந்தச் சலுகை வழங்கப்படுவதில்லை.

பெரியவர்களுக்கும் இந்தக் குச்சி தயவு காட்டுவதில்லை. 2019 ஜூலையில் வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் நகரில் பிரிட்டிஷ் ஓபன் பந்தயம் நடந்தது. அந்நாட்டவரான ரோரி மக்கில்ராய் சிறு வயதிலேயே அதே மைதானத்தில் 61 அடிகளில் ஆட்டத்தை முடித்துப் புகழ் பெற்றவர். ஊரே திரண்டு வந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் அடித்த முதல் பந்தே எல்லைக்கு வெளியே சென்றது. மூன்றாவது அடியை அதே இடத்திலிருந்து அடித்தார். 4 அடிகளில் முடியவேண்டிய குழிக்கு 8 அடிகள் ஆயின. அன்று 79, மறுநாள் அற்புதமாக ஆடி 65. ஆயினும் மேற்கொண்டு ஆடத் தகுதி பெறுவதற்கு ஒரே ஓர் அடி குறைவாக வெளியேறினார்.

மக்கில்ராயின் பந்தை ஆயிரம் கண்கள் பார்த்தன. யாரும் பாராத இடத்தில் என்ன நடக்கிறது? கோல்பில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் செல்வதில்லை. புதருக்குள் பந்து எங்கே கிடந்தது என்பதைப் பெரும்பாலும் ஆட்டக்காரர் ஒருவரே அறிவார். 1925-ல் அமெரிக்க ஓபன் பந்தயத்தில் பாபி ஜோன்ஸ் என்பவர், தம் கோல் புல்லில் பட்டபோது பந்து சற்றே அசைந்துவிட்டது என்று தாமே சொல்லி ஓர் அடி அபராதம் ஏற்றார். அதிகாரிகள் யாரும் அதைப் பார்க்கவில்லை. முடிவில் இருவர் சமமாக நின்றார்கள். மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓரடியை அவர் சொல்லாதிருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிராது, கோப்பை அவருடையதாகியிருக்கும்.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது. பின்பு ஒரு குறும்புக்காரன் எழுந்து, "அப்படியானால் நம் பையன் கோல்ப் ஆட வேண்டியவன், ஸார்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் தலை குனிந்திருந்த அவனும் சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை மறு பந்தயம் வைத்தார்கள். அவனுக்குக் காலில் சுளுக்கு, ஆட முடியவில்லை. கோட்டருகே நின்று எல்லை பார்க்க யாரை வைப்பது என்று பேச்சு எழுந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் வேறு யாரையும் கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்காரனான அவனையே புளியமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.