மீஞ்சூரில் எத்தனை எழுத்து?

மீஞ்சூர் ரயில் நிலையப் பெயர்ப்பலகையைக் காட்டி எத்தனை எழுத்து என்று கேட்டால், மீ, ஞ், சூ, ர் என நான்கு விரலை மடக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. கணினிக்கு அது எட்டு. ம, ஈகாரக் குறி, ஞ, புள்ளி, ச, ஊகாரக் குறி, ர, புள்ளி என்றுதான் யூனிகோடில் இந்தப் பெயர் பதிவாகிறது. நிரல் எழுத எந்த எடிட்டர் நல்லது என்று கேட்பவர்களை, முதலில் இந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கச் சொல்வேன்.

தமிழைத் தவிர்த்த மற்ற வசதிகளில் இன்று எடிட்டர்களுக்கிடையே பெரிய இடைவெளி இல்லை. 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ, அதன் வழியில் பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம் இரண்டிலும் தட்டுவதற்கு ஒரு நிலை, திருத்துவதற்கு வேறு நிலை. திருத்தும் நிலையில் 'டி' விசையை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி போய்விடும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மடிமேல் கணினியை வைத்திருப்பவருக்கு மவுஸ் வைக்க இடமேது? அங்கே விம்மின் அருமை புரியும். ஈமேக்ஸ் என்ற எடிட்டரை லிஸ்ப் மொழியில் நம் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம். 2015இல் வந்த விஎஸ் கோடு, புதியவரையும் அன்றே வேலையில் இறக்கிவிடும்.

பாதி தட்டும்போதே மீதிச் சொல்லை எடுத்துக்கொடுப்பது, ஒரு மாறியின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே தடவையில் மாற்றுவது போன்றவற்றை முன்பு எடிட்டருக்கு எடிட்டர், மொழிக்கு மொழி தனியாக எழுத வேண்டியிருந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. பைத்தானுக்கு ஒருவர் எழுதும் சர்வர் இப்போது அந்த நெறிமுறையை ஏற்கும் எல்லா எடிட்டருக்கும் உழைக்கிறது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 2021இலும் ஈமேக்ஸ் 2023இலும் அதற்கான வசதியை உள்ளேயே சேர்த்துக்கொண்டன.

தமிழ் வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. டெர்மினலில் ஓடும் விம்முக்குத் திரை முழுவதும் சம அகலக் கட்டங்கள். ஆங்கில எழுத்து அதில் அடங்கும், 'ஞ்' அடங்காது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கர்சர் ஓரிடம் எழுத்து ஓரிடம் என்றாகும். ஈமேக்ஸ் 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து, எழுத்தையும் குறியையும் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. விஎஸ் கோடு குரோமியத்தின்மேல் நிற்பதால் பிரவுசரில் போலவே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலில், எந்த எழுத்துக்கும் பொருந்தும் '.' குறியை எழுத்துக்கு ஒன்று வீதம் நான்கு கொடுத்தால் மீஞ்சூர் முழுதாக அகப்படாது, எட்டு வேண்டும்.

பைத்தான் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இந்தத் தமிழ்ச் சிக்கல்களைச் சிறு குறையாக நான் நினைக்கவில்லை. உங்கள் ஊர்ப் பெயரையும் தட்டிப் பாருங்கள். பிழை கண்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எடிட்டரை உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த நாம் சொன்னால்தான் அவர்களுக்கு அது தெரியவரும்.