தலைவரம்மா வாசித்த தாள்

கிராம சபைக்குப் போய் ஒரு விவசாயிக்கு என்ன கிடைக்கும்? நம்மில் பலர் கேட்கிற கேள்விதான். நானும் பல வருசம் இதையே கேட்டுக்கொண்டு வரப்பில் நின்றவன். கடந்த ஓராண்டில் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கோடகன் கால் பாசனம். அரியநாயகிபுரம் அணைக்கட்டில் பிரிந்து வருகிற கால். நாங்கள் கடைமடைப் பக்கம். சனத்தொகை மூவாயிரத்துக்குள். ஊராட்சித் தலைவர் ஒரு பெண். நாங்கள் தலைவரம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

2024 அக்டோபர் 2 கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. தலைவரம்மா ஒரு தாளை எடுத்து வாசித்தார். அரசாங்கம் என்னென்ன திட்டம் போட்டிருக்கிறது, வீடு கட்ட எவ்வளவு, கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, நெகிழி ஒழிப்பு என்று இருபது நிமிசம். மேலிருந்து வந்த தாள். எல்லா ஊராட்சியிலும் அன்றைக்கு ஏறக்குறைய அதே தாளைத்தான் வாசித்திருப்பார்கள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசித்து முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி எழுந்தார். "எல்லாம் சரிதான் தாயி. நீங்க வாசிச்சது கவர்மெண்டு சேதி. நம்ம ஊர்ச் சேதி என்ன?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரம்மாவும் சிரித்தார். ஆனால் பதில் இல்லை. அதற்குப் பிறகு சத்தம்தான். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், காலில் அமலைச்செடி அடைத்துக் கிடக்கிறது என்று நாங்கள். தலைவர் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் வேண்டாம், முதல்ல இதைச் சொல்லுங்க" என்று தடுத்தோம். முன்னால் நின்று அதிகம் கத்தியவர்களில் நானும் ஒருவன். கடைசியில் எங்கள் கோரிக்கையில் ஒன்றுகூடத் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தோம்.

மானூர்க் கல்வெட்டு சொல்வது

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் குழுவில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: "நீங்க செஞ்ச காரியத்துக்கு மானூர்ல அந்தக் காலத்துலயே அபராதம் போட்டிருக்காவ, தெரியுமா?"

மானூர் எங்கோ இல்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோயில் போகிற வழியில் இருக்கிறது. அங்கே பழைய சிவன் கோயிலில், மாறஞ்சடையன் என்கிற பாண்டிய மன்னன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறக்குறைய 1,200 ஆண்டுப் பழமை. ஊர்ச் சபை எப்படி நடக்க வேண்டும் என்று ஊரார் கூடி எழுதிவைத்த விதிகள் அதில் இருக்கின்றன. கிராம சபை என்றால் உத்திரமேரூரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்கும் முந்தியது நம்ம மானூர்.

அதில் ஒரு விதி இது: சபையில் கொண்டுவருகிற ஒவ்வொரு காரியத்தையும் 'வேண்டாம், கூடாது' என்று சொல்லியே தடுக்கிறவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு தண்டம். எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சபையை அப்படியே கொண்டாடவும் வேண்டியதில்லை. ஊரில் நிலம் இருக்கிறவர்தான் அதில் உட்காரலாம், வேதம் சாஸ்திரம் படித்திருக்க வேண்டும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. உழுகிறவனுக்கும் நடவு நடுகிற பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இன்றைக்கு 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், யாரும் கிராம சபை உறுப்பினர். குத்தகைக்காரரும் உறுப்பினர், நடவுப் பெண்களும் உறுப்பினர். இந்த உரிமை 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தாலும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தாலும் வந்தது. வந்து முப்பது வருசம் ஆகிவிட்டது. நாம்தான் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

எது யார் கையில்?

அதற்குப் பிறகு எங்கள் குழு ஆறு பேரும் உட்கார்ந்து, எங்கள் குறைகளை மூன்றாகப் பிரித்தோம்.

முதலாவது, ஊராட்சியே செய்யக்கூடியது. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, ஊர்ச் சாக்கடை.

இரண்டாவது, ஏதாவது ஒரு துறை செய்ய வேண்டியது. எங்கள் குளம் நீர்வளத் துறையுடையது. பொதுவாக 40 எக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. தலைவரம்மா நினைத்தாலும் துறைக் குளத்தில் ஒரு கூடை மண்ணைத் தன் விருப்பத்துக்கு எடுக்க முடியாது.

மூன்றாவது, மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ உரிய முடிவு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து காருக்கு எப்போது தண்ணீர், பிசானத்துக்கு எப்போது தண்ணீர் என்பது எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் முடிவாகிற காரியம் இல்லை. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டு, 11 கால்வாய், 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். எல்லா ஊரையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

மூன்றையும் ஒன்றாகப் போட்டுத் தலைவரம்மாவிடம் கத்தியதுதான் எங்கள் தவறு. ஊராட்சித் தலைவருக்கு அரசு தருகிற மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். அவரிடம் போய் அணையைத் திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறோம்!

அதற்காக இரண்டாவது, மூன்றாவது வகையைச் சபையில் பேசக்கூடாது என்றில்லை. பேசலாம். ஆனால் 'இந்தத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று இச்சபை கேட்டுக்கொள்கிறது' என்று தீர்மானமாக எழுதவேண்டும். தனி ஆள் கொடுக்கும் மனு ஒரு மனு. ஊர் கூடிப் போட்ட தீர்மானத்தின் நகலோடு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனால் அதற்குக் கனம் வேறு.

ஒரே ஒரு தீர்மானம்

2025 சனவரி 26 கிராம சபைக்கு ஒரே ஒரு கோரிக்கையோடு போவது என்று முடிவு செய்தோம். அது வண்டல்.

குளத்து வண்டல் நமக்குப் புதுச் செய்தி அல்ல. நம் தாத்தாமார் கோடையில் வண்டி கட்டி அடித்த மண். இடையில் அதற்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடாகிப் போனது. 2024 சூலையில் தமிழக அரசு இதை எளிதாக்கியது. மாவட்ட ஆட்சியர் அரசிதழில் வெளியிடுகிற குளங்களின் பட்டியலில் உங்கள் குளம் இருந்தால், இணையவழியில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம். மண் இலவசம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். 75 கன மீட்டர் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 26 யூனிட்.

இதில் முக்கியமான சங்கதி 'பட்டியலில் இருந்தால்' என்பதுதான். எங்கள் குளத்தைப் பட்டியலில் காணோம். ஆகவே எங்கள் குளத்தைச் சேர்க்க வேண்டும் என்பதே தீர்மானம்.

சபைக்குப் பத்து நாள் முன்பே தலைவரம்மாவைப் பார்த்து எழுத்தில் கொடுத்தோம். அவர் வாசித்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணாச்சி? போன தடவை போட்ட சத்தத்துக்கு நான் பயந்துல்லா இருந்தேன்!" என்றார். பொருள் நிரலில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த கவலை ஆள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். 500 வரை என்றால் 50 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வழக்கமாக நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் இந்த எண்ணிக்கையை நிரப்புவார்கள். இந்தமுறை நாங்களும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். குத்தகைக்கு உழுகிறவர்களையும் கூட்டிவந்தோம். கைகளை எண்ணித் தீர்மானம் நிறைவேறியது. எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். அது ரொம்ப முக்கியம். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகும் காரியம் தானாக நடக்கவில்லை. நகலை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். ஓர் அலுவலகத்தில் "பெரிய ஆபீசர் லீவு" என்று மூன்று வாரம் இழுத்தார்கள். தலைவரம்மா ஒருநாள் எங்களோடு பஸ்ஸில் வந்தார். பிசானம் அறுத்து முடித்த பிறகு, ஏப்ரல் கடைசியில் குளம் பட்டியலில் ஏறியது. மே மாதத்தில் பதினாலு பேர் மண் அடித்தோம். என் வயல் ஒன்றரை ஏக்கர், மேட்டு மணல்சாரி. தண்ணீர் கட்டிய மூன்றாம் நாளே காய்ந்து வெடிக்கும். இந்தக் காரில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஈரம் நிற்கிறது. கடைமடைக்காரனுக்கு அந்த ஒன்றிரண்டு நாள் என்பது ஒரு முறைத் தண்ணீர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும் சேர்ந்து வேலை செய்திருக்கும். வண்டலுக்கு மட்டும் பெருமை சேர்க்க மாட்டேன். பசுந்தாள் உர விதைக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று 2024-25 வேளாண் பட்ஜெட்டில் வந்தது. அதையும் அந்த நீளத் தாளில் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

குறையையும் சொல்ல வேண்டும். டிராக்டர் வாடகை நம் தலையில்தான். மண் இலவசம் என்றாலும் வாடகை கொடுக்க முடியாத இரண்டு குத்தகைக்காரர்கள் அடிக்கவில்லை. அடுத்த கோடையில் குழுவாகச் சேர்ந்து வாடகையைப் பங்கு போட எண்ணம்.

இன்னும் இருக்கிற வேலை

கேட்க வேண்டியவை வண்டலோடு முடியவில்லை. ஆற்றில் சாக்கடை கலக்கிறது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து பார்க்கிற நிலைமை. அதே டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஊர்க்காரர்கள் கண்டு குரல் கொடுத்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, கழிவு லாரி ஏறி எல்லை தாண்டித் திரும்பிப் போனது. கண்ணும் வாயும் ஊரில்தான் இருக்கின்றன. தீர்ப்பாயத்துக்கு ஊர் சொன்னால்தான் தெரியும்.

2023 மார்ச்சில் தமிழக அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. நம் இயக்கங்கள் பல வருசமாகக் கேட்டது. ஆனால் கொள்கை சென்னையில் இருக்கிறது, வயல் இங்கே இருக்கிறது. ஐந்து உழவர் சேர்ந்தாலே பங்கேற்புச் சான்று முறையில் ஒரு குழுவாகப் பதியலாம். இதை ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிராம சபையில் ஐந்து நிமிசம் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள்.

எங்களிடம் காலம் அதிகம் இல்லை. நெல்லை, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. மற்ற மாவட்டங்களில் 2025 சனவரியோடு தலைவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் ஆட்சிதான். அங்கே தாளை வாசிக்க ஆள் உண்டு; தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கத் தலைவர் இல்லை. நமக்கு இன்னும் இருக்கிறார்.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருசத்துக்கு ஆறு நாள். தேதி தள்ளிப்போகவும் செய்யும், விசாரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பு கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். ஒரு சபைக்கு ஒரு கோரிக்கை போதும். வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மான நகலை மறக்காமல் வாங்குங்கள்.

கடந்த ஆகஸ்ட் 15 அன்றும் தலைவரம்மா மேலிருந்து வந்த தாளை வாசித்தார். பிறகு கையால் எழுதிய இன்னொரு தாளை எடுத்தார். குளத்தில் எத்தனை பேர் மண் அடித்தார்கள், எத்தனை யூனிட், காலில் அமலை எடுக்கக் கொடுத்த மனு எந்த மேசையில் நிற்கிறது, எந்தத் தெருவில் விளக்கு மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை. நாலு நிமிசம்தான். யாரும் போனைப் பார்க்கவில்லை.

அந்த ஆச்சி முன்வரிசையிலேயே இருந்தார். "இது சேதி" என்றார். அப்புறம், "அமலைய எப்ப எடுப்பீய?" என்று கேட்டார். அதற்கான தீர்மானத்தை அக்டோபர் 2-க்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.