பரணில் இறங்கிய மூன்று கால் ‘மர்மம்’! எடைக்குப் போடாதீங்க!

திருப்பூர், அமராவதி நகர் பக்கம் வீடு மாற்றுகிறவர்களே, பரணைக் கொஞ்சம் பாருங்கள்.

மூன்று கால். நடுவில் பித்தளைக் குழல். மேலே திருகு, சுற்றக் கைப்பிடி. அடியில் பொடிப் பொடியாக ஓட்டை. “ஏனுங்க, இது பனியன் கம்பெனி சாமானுங்களா?” என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்த யோசனை பழைய இரும்புக் கடைதான்!

அது வேறொன்றும் இல்லை. சந்தகை பிழிகிற கருவி.

முறுக்கு அச்சு கைக்குள் அடங்கும். இதற்கு மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்துவிட்டு அப்புறம் வேக வைக்கிறோம். மாவு இளக்கம், கை பலமே போதும். சந்தகை தலைகீழ்! புழுங்கலரிசியை ஊற வைத்து, ஆட்டி, இட்லி மாதிரி அவித்து, ஆவி பறக்கப் பிழிய வேண்டும். வெந்த மாவு லேசில் இறங்காது. அதற்குத்தான் திருகு. தரையில் ஊன்றி நிற்கத்தான் கால்கள். அப்படியும் ஒருவர் காலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சுற்றுவார். ஆறிவிட்டதோ, பயில்வான் வந்தாலும் நடக்காது.

கர்நாடகத்தில் இந்தப் பலகாரமே ‘ஒத்து சாவிகே’. கருவிக்குச் சில வீடுகளில் ‘சேவை நாழி’ என்று பெயர்.

சந்தேகமா? அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். நட்சத்திர ஓட்டை என்றால் முறுக்கு. ஊசி ஓட்டை என்றால் சந்தகை.

பித்தளையையும் இரும்போடு சேர்த்து நிறுத்துவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. காசு போனால் போகட்டும், ஊரிலிருந்து அம்மாயி வந்து, “கண்ணு, என்ற சந்தகைக் குழல் எங்கே?” என்று கேட்டால்?

புளி போட்டு விளக்குங்கள். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் தயாராக இருக்கட்டும்.